முதலில் தேதி, பிறகு தேசம்

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பொம்மனஹள்ளியில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு துண்டறிக்கை கிடந்தது. ‘ஏழு நாட்களில் மூன்று நாடுகள்’ என்பது அதன் தலைப்பு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அத்தொகையின் அருகே சிறியதொரு நட்சத்திரக் குறியும் இருந்தது. அக்குறியின் பொருளை அறிந்துகொள்ளவே அந்த முகவர் அலுவலகத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை சென்றோம்.

அங்கே அறிந்தவை பின்வருமாறு. அச்சிடப்பட்ட தொகை ஒருவருக்கு மட்டும் உரியது. அதுவும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால்தான் பொருந்தும். நாங்களோ ஐவர்: கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள், அறுபத்தெட்டு வயதுத் தாயார். சிங்கப்பூர் விசாவுக்குத் தனிக் கட்டணம், ஜிஎஸ்டி தனி, மூலத்தில் வசூலிக்கப்படும் வரி தனி, பகலுணவு பெரும்பாலான நாட்களில் நம் பொறுப்பு. கூட்டிப் பார்த்தபோது நட்சத்திரக் குறியில்லாத தொகை, குறியிட்ட தொகையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்காக நின்றது. எங்கள் முகம் மாறியதைக் கண்ட இளைஞர் உடனே ஆறுதல் கூறினார்: முன்பணம் எதுவும் வேண்டாம், இரண்டாண்டுத் தவணையில் கடன் கிடைக்கும், ஆதார் அட்டையும் பான் அட்டையும் போதும்.

கையொப்பமிடும் நிலைக்கே வந்துவிட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. “ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் ரெண்டு வருஷம் கட்டணுமாப்பா?” என்று அம்மா கேட்டார்கள். படிவத்தை எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வெளியே வந்தோம்.

நடுத்தர வருவாயுள்ள குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் வீண் ஆடம்பரம் என்று உரைப்போர் உண்டு. அவர்களுடன் எங்களுக்கு உடன்பாடு இல்லை. கடல் கடந்த ஓர் ஊரைத் தன் பேரப்பிள்ளைகளுடன் காண வேண்டும் என்று ஒரு மூதாட்டி விரும்புவதில் தவறேதுமில்லை. ஆனால் அதற்கான பணம் புறப்படும் முன்பே சேர்ந்திருக்க வேண்டும் என்பதிலும், திட்டமிடும் பொறுப்பைக் குடும்பமே ஏற்க வேண்டும் என்பதிலும் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். 1,80,000 ரூபாயை ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் தனிநபர் கடனாகப் பெற்று இருபத்து நான்கு தவணைகளில் அடைத்தால், மாதம் ஏறக்குறைய 8,640 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 27,000 ரூபாயைத் தாண்டும். அதே குடும்பம் மாதம் 12,000 ரூபாய் வீதம் பதினைந்து மாதங்கள் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி, வட்டி 6.5 சதவீதம் எனக் கொண்டால், முதிர்வில் 1,88,000 ரூபாயை ஒட்டிய தொகை கைக்கு வரும். ஒருபுறம் 27,000 போகிறது. மறுபுறம் 8,000 வருகிறது. இடைவெளி 35,000 ரூபாய். எங்கள் கணக்கில் அது இருவருடைய விமானச் சீட்டு.

அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே கணக்கைத் தொடங்கினோம். இதில் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. பயணம் செய்யும் மாதத்தில் பணம் முதிருமாறு கணக்குத் தொடங்குகிறார்கள். விமானச் சீட்டோ மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே வாங்க வேண்டியது. சீட்டு வாங்கும் மாதத்தில்தான் பணம் முதிர வேண்டும். எங்கள் கணக்கு 2025 ஜூனில் முதிர்ந்தது, பயணம் செப்டம்பரில்.

இனி தேதி. பெரும்பாலோர் முதலில் நாட்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு விடுமுறையைப் பார்த்து, கடைசியில் கட்டணத்தைக் கண்டு திகைக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். கர்நாடகத்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்போருக்கு ஏப்ரல், மே கோடை விடுமுறையும், தசரா விடுமுறையும்தான் வாய்ப்பு. அந்நாட்களில் ஊரே புறப்படுகிறது என்பது உண்மை. ஆயினும் ஊர் புறப்படுவது வெள்ளி, சனி இரவுகளில். வார நடுவில் கிளம்ப மனம் இருந்தால் அதே விடுமுறைக்குள்ளேயே கட்டணம் இறங்கும் நாட்கள் கிடைக்கின்றன. நாங்கள் ஒரு திங்கள் இரவு புறப்பட்டுச் சனிக்கிழமை திரும்பினோம். அந்தத் தேதிகளுக்கு எந்த ஊர் கட்டுபடியாகிறது என்று பார்த்தபோதுதான் கோலாலம்பூர் எங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் வரையான தங்கலுக்கு விசா விலக்கு அளித்து, அதை 2026 இறுதி வரை நீட்டித்திருப்பதும் ஒரு காரணம். விசா வேண்டாம் என்றாலும், சென்றிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையவழி வருகை அட்டையை ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதிர்ப்பட்டால் அது அரசினுடையது அன்று.

சேலம், தருமபுரி, திருச்சிப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்கள் மற்றொரு வழியையும் எண்ணிப் பார்க்கலாம். திருச்சிராப்பள்ளியிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு ஆகிய ஊர்களுக்கு நேரடி விமானங்கள் உள்ளன. விடுமுறைக்கு எப்படியும் ஊருக்குப் போகிறவர்கள் அங்கிருந்தே புறப்படலாம். பெங்களூரில் இருந்துதான் ஏற வேண்டும் என்றால் வீட்டிலிருந்து விமான நிலையம் வரையான செலவை மறக்கலாகாது. பொம்மனஹள்ளி நகரின் தெற்கே. விமான நிலையம் வடக்கே தேவனஹள்ளியில். இடையே நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம் சில்க் போர்டு நெரிசலிலிருந்து நம்மை மீட்டது உண்மையே. ஆனால் விமான நிலையத்தை மெட்ரோ இன்னும் எட்டவில்லை. நள்ளிரவு விமானத்துக்கு ஐவர், நான்கு பெட்டிகள் என்றால் பெரிய வாடகைக் கார்தான். சீட்டில் தலைக்கு ஐந்நூறு ரூபாய் மிச்சப்படுத்த அகால நேரத்து விமானத்தைத் தேர்ந்து, அந்த மிச்சத்தைக் காருக்குக் கொடுப்பவர்களை நாம் அறிவோம். வாயு வஜ்ரா பேருந்து ஓடும் நேரத்தில் ஏற முடிந்தால் அது தனிச் சேமிப்பு.

பணத்தைவிட அதிகம் வருத்தியது பெயர். தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும். கடவுச்சீட்டிலோ முதற்பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்கள் உள்ளன. அம்மாவின் ஆதாரில் ஒற்றைப் பெயர் மட்டுமே. இதில் என்ன கெடுதல் என்று தோன்றலாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் எனப் பின்னர் விளக்கம் வந்தது. அறிவிப்புக்கும் விளக்கத்துக்கும் நடுவே பயணம் வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆகவே புதிதாக விண்ணப்பிக்கும்போதே முன்னெழுத்தை விரித்து, தந்தை அல்லது கணவர் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவது நன்று என்பது எங்கள் துணிபு. ஆதார் முதலிய சான்றுகளையும் அதற்கேற்ப முன்கூட்டியே திருத்திக்கொள்ள வேண்டும். விமானச் சீட்டிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயர் இருக்க வேண்டும்.

லால்பாக் சாலையில் உள்ள கடவுச்சீட்டுச் சேவை மையத்தில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் விண்ணப்பித்தோம். பெரியவர்களுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அறுபது வயதைக் கடந்தவர்களுக்குப் புதிய விண்ணப்பத்தில் பத்து சதவீதம் குறைவு. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 1,000 ரூபாய்; ஆனால் அவர்களுடையது ஐந்தாண்டுக்கு மேல் செல்லாது. நாம் சென்றிறங்கும் நாளில் ஆறு மாதமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்பதால், பிள்ளைகளின் கடவுச்சீட்டு நடைமுறையில் நாலரை ஆண்டுக்கே பயன்படும்.

விமானச் சீட்டையும் விடுதியையும் தனித்தனியே, நேரடியாக வாங்கினோம். இதில் வரி தொடர்பான நுட்பம் ஒன்று உள்ளது. 2025 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய நிதியாண்டில், வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை 5 சதவீதமும், அதற்கு மேல் 20 சதவீதமும் மூலத்தில் வரியாக வசூலிக்கப்பட்டன. பயணச் சீட்டு மட்டும், அல்லது விடுதி மட்டும் வாங்குவது தொகுப்பு ஆகாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூனிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. தொகுப்பாக வாங்கியோர் கவலையுற வேண்டியதில்லை. வருமான வரிப் படிவத்தில் அத்தொகையைக் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ இயலும். ஆனால் அந்த விகிதத்தில் மூன்று லட்ச ரூபாய்த் தொகுப்பில் 15,000 ரூபாய் பல மாதங்கள் நம் கையில் இருந்திராது. வரி கட்டும் அளவுக்கு வருவாய் இல்லாதவர்கள் படிவமே தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டால் அப்பணம் திரும்புவதற்கு வழியில்லை.

ஐவருக்கும் விமானச் சீட்டு 84,000 ரூபாய் ஆயிற்று. நான்கு இரவுகளுக்கு இரண்டு அறைகள் 27,000 ரூபாய். நகரின் விளிம்பில் இதைவிட மலிவான விடுதிகள் இருந்தன. ஆயினும் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியைத் தேர்ந்தோம்; தெரு முனையிலேயே வாழையிலைச் சாப்பாடு, ஐந்து நிமிட நடையில் ரயில். முதியவருடன் செல்வோர் விடுதிக் கட்டணத்தையும் அன்றாடப் போக்குவரத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். விடுதியில் அறை ஒன்றுக்கு இரவொன்றுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, வெளிநாட்டவர் என்பதால், நேரில் செலுத்த வேண்டியிருந்தது: எட்டுக்கு 80 ரிங்கிட், ஏறக்குறைய 1,700 ரூபாய். முன்பதிவு விலையில் இது அடங்கவில்லை. விமான நிலையத்திலிருந்து நகருக்கு விரைவு ரயில் அரை மணி நேரத்தில் சேர்க்கிறது; பெரியவருக்கு 55 ரிங்கிட். பேருந்தில் அதில் ஒரு சிறு பங்குதான். பேருந்திலேயே போனோம்.

அட்டையைப் பற்றி வங்கியின் இதழில் சொல்லாமல் விட முடியாது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன; வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். அதை வீட்டிலிருந்தபடியே செய்து, உச்சவரம்பையும் அமைத்துக்கொள்வது நலம். அடுத்து, கடையில் அட்டையைத் தேய்த்ததும் ‘ரூபாயிலா, ரிங்கிட்டிலா’ என்று கருவி கேட்கும். நம் நாட்டுப் பணம் என்ற பாசத்தில் ரூபாயைத் தொட்டால், மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு நிர்ணயிக்கும்; அது பெரும்பாலும் நமக்குப் பாதகம். உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதும் அட்டைக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் உண்டு. 3.5 சதவீதம் எனில், 60,000 ரூபாய்ச் செலவுக்கு ஜிஎஸ்டியுடன் 2,478 ரூபாய். உங்கள் அட்டைக்கு எவ்வளவு என்பதைக் கிளையில் கேட்டறியுங்கள். இலங்கைக்கோ மொரிஷியஸுக்கோ செல்வோருக்கு 2024 பிப்ரவரி 12 முதல் யுபிஐ வசதியும் உண்டு.

பயணக் காப்பீட்டை மட்டும் குறைக்க வேண்டாம். அம்மாவின் இரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதியதால் கட்டணம் சற்றுக் கூடியது. கூடட்டும் என்று விட்டோம்.

பத்துமலையில் 272 படிகளையும் பிள்ளைகள் ஓடியே ஏறினார்கள். அம்மா ஏறவில்லை. 140 அடி உயர முருகன் சிலையின் அடியில் நிழல் தேடி அமர்ந்து, பக்கத்தில் இருந்த ஈப்போக்காரப் பெண்மணியுடன் ஒரு மணி நேரம் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏழு நாட்களில் மூன்று நாடுகள் என்றால் அந்த ஒரு மணி நேரத்தை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எல்லாம் சேர்த்து 1,76,000 ரூபாய் செலவாயிற்று. மீதியை அடுத்த கணக்கின் முதல் தவணையாகச் செலுத்தியுள்ளோம். கதிர்காமம் என்கிறார்கள் அம்மா. பிள்ளைகள் இன்னும் முடிவு செய்யவில்லை. தேதி மட்டும் குறித்தாகிவிட்டது.