எருக்கின் இனம்

கோலியனூரைச் சூழ்ந்த வறண்ட வெளிகளிலும், வடமேற்கே செஞ்சிக் குன்றுகளின் அடிவாரத்திலும், கோடையிலும் பசுமை குன்றாமல் நிற்கும் செடி எருக்கு. மழை பொய்த்தாலும் அது எளிதில் வாடாது. கால்நடைகளும் பெரும்பாலும் அதனை விலக்கிச் செல்லும். நாள்தோறும் காணும் அச்செடியை நன்கு அறிவோம் என்றே நாம் எண்ணுகிறோம். கிள்ளினால் பால் வரும். அதுவே அதன் அடையாளம் என்பர் பலர். அவ்வோர் அடையாளம் போதாது என்பதே என் கருத்து.

பால் வடிவன எல்லாம் ஓரினம் ஆகா. கள்ளியிலும் பால் உண்டு, ஆலிலும் உண்டு. ஆயினும், அவை எருக்கின் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆதலின் இலை, பூ, காய், விதை ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். எருக்கின் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. பூவின் நடுவே ஐந்து பிரிவுடைய சிறு முடி ஒன்று காணப்படும். அதன் மகரந்தம் தூளாக உதிராது. மெழுகு போன்ற பொதியாகத் திரண்டு, பூச்சியின் காலில் தொற்றிச் செல்லும். காய் முற்றி வெடித்தால், பட்டுக் குஞ்சம் சூடிய விதைகள் காற்றில் பறக்கும்.

எருக்கிலேயே இருவகை உண்டு. ஒன்றில் இதழ்கள் நன்கு விரிந்து பின்னோக்கி வளையும். மற்றதில் அவை நிமிர்ந்து நின்று, நுனியில் ஊதா நிறம் காட்டும். முதல்வகையிலும் வெண்பூப் பூப்பன உண்டு. எனவே நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. இவற்றின் உறவான வேலிப்பருத்தியை இதய வடிவ இலையாலும், மென்முள் போர்த்த காயாலும் அறியலாம். நன்னாரியின் குறுகிய இலையில் நடுநரம்பை ஒட்டி வெண்கோடு ஓடும், வேர் மணக்கும்.

1810இல் ராபர்ட் பிரௌன் என்னும் அறிஞர் இவ்வினத்தைத் தனிக் குடும்பமாகப் பிரித்தபோது, பூவின் நுண்ணிய அமைப்பையே சான்றாகக் கொண்டார். இக்காலத்தார் அதனை மீண்டும் அரளியின் குடும்பத்தோடு சேர்த்துள்ளனர். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட் என்பாருக்காக, ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர் செடிகளின் உறுப்புகளைக் கூர்ந்து நோக்கி வரைந்தனர். அவர்களுக்கு வாய்த்த பொறுமை நமக்கும் வாய்த்தல் அரிதன்று.

“இத்துணை நுணுக்கம் எதற்கு?” எனச் சிலர் வினவக்கூடும். நன்னாரி வேர் கோடையில் பானமாகிறது. எருக்கம்பாலோ கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஊறு செய்யும். ஓரினத்துள்ளேயே உணவும் நஞ்சும் உள்ளன. ஊறுகாய்க்கு உதவும் மாகாளிக்கிழங்கும் இவ்வினமே. அளவின்றித் தோண்டப்பட்டமையால் அது காடுகளில் அருகி வருகிறது. எருக்கிலையை உண்டு வளரும் வெந்தய வரியன் பட்டுப்புழு அன்று, வண்ணத்துப்பூச்சியின் புழு. அவ்விலையின் நஞ்சே அதற்குக் காவலாகிறது. பெயர் அறியாத செடியைக் களையென்று வெட்டுதலும், மருந்தென்று உண்ணுதலும் ஒரே அறியாமையின் இரு கிளைகள்.

மாணவர்களே! வழியோரச் செடியைக் கண்ணால் ஆராயுங்கள், நாவால் சோதியாதீர்கள். ஒன்றுக்கு மூன்று அடையாளங்கள் ஒத்த பின்னரே அதன் பெயரைச் சொல்லுங்கள். ஐயம் நீங்காவிடின், அறிந்தாரைக் கேளுங்கள்.