தாய்மடியில் தொடங்கும் கல்வி

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது பழமொழி. ஆயினும், பிள்ளையின் கல்வி முதலாம் ஆண்டு வகுப்பறையில்தான் தொடங்குகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். புத்தகப்பையும் சீருடையும் வாங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தாய்மடியில் கல்வி தொடங்கிவிடுகிறது. அந்தத் தொடக்கத்தைக் காக்கும் பொறுப்பைத் தாயிடம் மட்டும் விட்டுவிடுவது முறையன்று என்பதே என் கருத்து.

தாய்ப்பாலில் உள்ள கொழுப்புச் சத்துகள் மூளை வளர்ச்சிக்கு உதவுகின்றன. நோய் எதிர்ப்புப் பொருள்கள் வயிற்றுப்போக்கையும் காதுத் தொற்றையும் குறைக்கின்றன. காது நன்றாகக் கேட்டால்தான் குழந்தை சொற்களைப் பிரித்தறியும். மேலும், பால் அருந்தும் வேளையில் குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறது. அவள் குரலைக் கேட்கிறது. அதுவே அதன் முதல் மொழிப்பாடம்.

பெலாரஸ் நாட்டில் 17,000க்கும் மேற்பட்ட தாய்மாரையும் குழந்தைகளையும் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. சில மருத்துவமனைகளில் தாய்ப்பால் ஊட்டுவதற்குச் சிறப்பு வழிகாட்டுதல் அளிக்கப்பட்டது. அங்குப் பிறந்த குழந்தைகள் ஆறரை வயதில் மொழித்திறன் சோதனைகளில் சிறந்து விளங்கினர். வாசிப்பிலும் எழுத்திலும் ஆசிரியர்கள் அவர்களை உயர்வாக மதிப்பிட்டனர். ஆனால், 16 வயதில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது; மொழித்திறனில் மட்டும் சிறிதளவு எஞ்சியது. இதிலிருந்து நாம் அறிவது என்ன? தாய்ப்பால் நல்ல தொடக்கத்தைத் தருகிறது. அதைத் தொடர்ந்து வளர்ப்பது வீட்டின் கடமை, பள்ளியின் கடமை. எனவே, நோயாலோ வேறு காரணத்தாலோ புட்டிப்பால் ஊட்டும் தாயைக் குறை கூறவும், அவள் பிள்ளையைக் குறைத்து மதிப்பிடவும் நமக்கு உரிமையில்லை.

இவ்விடயத்தில் பினாங்குக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1991இல் உருவான உலகத் தாய்ப்பால் ஆதரவுக் கூட்டணியின் செயலகம் இம்மாநிலத்தில்தான் அமைந்துள்ளது. அதன் தோற்றத்திற்குப் பாடுபட்டவர்களுள் மலேசியரான அன்வார் ஃபசாலும் ஒருவர். 1992 தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரத்தை இவ்வமைப்பே ஒருங்கிணைத்து வருகிறது.

உலகுக்கு வழிகாட்டும் நம் மாநிலத்தில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் எத்தனையோ தாய்மார் வேலை செய்கின்றனர். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்ட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆறு மாதம் என்பது ஏறத்தாழ 180 நாள். 2023 முதல் நம் நாட்டுச் சட்டம் வழங்கும் மகப்பேறு விடுப்போ 98 நாள். முன்பிருந்த 60 நாளோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே. எனினும், எஞ்சிய நாள்களில் தாய் என்ன செய்வாள்? வேலையிடத்தில் கதவடைத்த ஒரு சிறிய அறை, ஒரு குளிர்பதனப் பெட்டி, அரைமணி நேர ஓய்வு ஆகியவை இருந்தால், அவள் பாலை எடுத்துச் சேமித்து வீட்டுக்குக் கொண்டு செல்ல முடியும். இவை இல்லாமல் ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்று சுவரொட்டி ஒட்டுவதால் பயனில்லை.

வீட்டிலும் கடமை உண்டு. சட்டம் தந்தைக்கு வழங்கும் ஏழு நாள் விடுப்பு, உறங்கிக் கழிப்பதற்கன்று. துணி துவைப்பதும் சமைப்பதும் மூத்த பிள்ளைகளைக் கவனிப்பதும் தாய்க்கு அளிக்கும் ஆதரவே. அண்ணனும் அக்காளும்கூட அதில் பங்குகொள்ளலாம்.

இன்று இதைப் படிக்கும் மாணவர்கள் நாளைய பெற்றோர். சிலர் நாளைய முதலாளிகள். வகுப்பறையில் நல்ல மாணவர்களைக் காண விரும்பும் சமுதாயம், முதலில் தாய்க்கு நேரத்தையும் இடத்தையும் ஒதுக்கட்டும்.