காய்ச்சலெல்லாம் ஒன்றன்று!

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பது பழமொழி. பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சலும் இருமலும் வந்துவிட்டால், "எல்லாம் ஒரே காய்ச்சல்தான்" என்று கூறி, சென்ற முறை மிஞ்சிய மாத்திரையை விழுங்கிவிடுகிறோம். இராஜபாளையத்து ஆலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் கூலி போய்விடுமே என்று அஞ்சும் வீடுகளில் இது வழக்கம். அவ்வீட்டுப் பிள்ளைகளே நாங்கள்; ஆகையால் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று.

இன்புளுயன்சாவும், கொரோனாவும், பாக்டீரியாவால் வரும் நிமோனியாவும் வெளிப்பார்வைக்கு உடன்பிறந்தவை போலவே இருக்கும். மருந்தோ வெவ்வேறு! ஒசல்டாமிவிர் இன்புளுயன்சாவுக்கு உரியது, கொரோனாவுக்கு உதவாது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு, பிராணவாயு தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளிடையே இறப்பைக் குறைத்தது என்று இங்கிலாந்தின் 'ரெக்கவரி' ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

நோயை இனம் பிரிக்க ஒரு துளி இரத்தம் துணை செய்கிறது. 1930இல் கண்டறியப்பட்ட சி.ஆர்.பி. என்னும் புரதம், உடலில் அழற்சி மிகும்போது ஏறுகிறது. புரோகால்சிட்டோனின் கடுமையான பாக்டீரியா தொற்றில் மிகவும் ஏறும். வைரஸ் தொற்றில் பெரும்பாலும் தாழ்ந்தே நிற்கும். டி-டைமர், இரத்தம் உறைந்து கரைவதன் அடையாளம்; கடுமையான கொரோனாவில் அது உயர்ந்து காணப்பட்டது. 2021இல் வெளிவந்த 'ரெக்கவரி' முடிவுகளில், பிராணவாயு அளவு குறைந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கே டோசிலிசுமாப் என்ற மருந்து கொடுத்துச் சோதிக்கப்பட்டது. அதனால் உயிர்கள் பிழைத்தன. ஓர் எண் வழிகாட்டியதன்றோ!

ஆயினும் எண் மட்டுமே தீர்ப்பாகிவிடாது. கடுமையான வைரஸ் நோயிலும் சி.ஆர்.பி. ஏறலாம். வந்திருப்பது எந்த வைரஸ் என்று பெயர் சொல்ல, மூக்கிலிருந்து எடுக்கும் சளியின் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையே வேண்டும். ஆகவே ஆய்வுக்கூடத்துக்கு நாமே ஓடி, தாளில் தடித்த எழுத்தில் கண்ட எண்ணுக்காக நடுங்குவதும் தவறு. சோதனையே வேண்டாம் என்று மாத்திரையை மட்டும் கேட்டு வாங்குவதும் தவறு. நோயாளியின் மூச்சையும், பிராணவாயு அளவையும், இரத்தக் குறிப்பையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் மருத்துவரே.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதைக் கண்டு மகிழ்ந்தோம். நம் ஈரூர் ஏழைகளுக்கும் இச்சோதனைகள் இரவு பகல் பாராமல் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசையாகுமா?

பெற்றோரே, அடுத்த முறை காய்ச்சல் வந்தால் மிஞ்சிய மாத்திரையைத் தேடாதீர்கள். மூச்சு வாங்கினால் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். "இது எந்தத் தொற்று? இந்த மருந்து எதற்கு?" என்று மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள். தோழியரே, கேட்கத் தயங்கும் பாட்டிக்காகவும் அம்மாவுக்காகவும் நாம் உடன் சென்று கேட்போம். வகுப்பறையில் படித்த அறிவியல் நம் வீட்டு அடுப்பங்கரை வரை வரட்டும்!