குஞ்சு காக்கும் மீனுக்குத் தூண்டிலா?

குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்திருக்கும் தாய்க்கோழியைப் பிடித்துக் கழுத்தைத் திருகுபவனை ஊர் என்ன சொல்லும்? இரக்கமற்றவன் என்று தூற்றும். அதே செயலை நீரில் செய்பவன் மட்டும் கைதேர்ந்தவன் என்று போற்றப்படுகிறான். குஞ்சுகளைக் காத்து நிற்கும் தோமான் மீனைத் தேடிப் பிடிப்பவனுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. அவனை அவ்விடத்திற்கு அழைத்துச் சென்ற வழிகாட்டிக்குக் கூலியும் புகழும் சேர்கின்றன. இந்தப் பாராட்டு முறைதானா?

தோமான், விராலின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. 1985ஆம் ஆண்டில் அணை கட்டி முடிக்கப்பட்ட திரங்கானுவின் கென்யிர் ஏரியிலும், பேராக்கின் தெமெங்கோர் ஏரியிலும் தூண்டிற்காரர்கள் பெரிதும் நாடும் மீன்களுள் ஒன்று. முட்டையிட்டதோடு கடமை முடிந்தது என்று அகன்றுவிடும் மீன் அன்று அது. தாயும் தந்தையும் குஞ்சுகளை விட்டு நீங்குவதில்லை. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து காற்றை விழுங்கும்போது, அமைதியான நீரில் ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவது போன்ற சலசலப்பு எழும். அதன் அடியில் பெற்றோர் காவல் நிற்கும்.

வழிகாட்டிகள் சிலர் கற்பிக்கும் 'நுட்பம்' இங்கேதான் தொடங்குகிறது. சலசலப்பைக் கண்டதும் படகின் இயந்திரம் நிறுத்தப்படுகிறது. தவளை உருவில் செய்த போலி இரை, குஞ்சுக் கூட்டத்திற்கு அப்பால் வீசப்பட்டு, அதன் நடுவே இழுக்கப்படுகிறது. குஞ்சுக்குத் தீங்கு வந்ததென்று சினந்து பெரிய மீன் பாய்ந்து கவ்வுகிறது. அந்த மீன் பசித்துக் கவ்வவில்லை. பெற்ற பாசத்தால் கவ்வுகிறது. பாசத்தையே தூண்டில் முள்ளில் கோத்துவிட்டு, அதற்குத் திறமை என்று பெயர் சூட்டுவது எவ்வகை நேர்மை?

"பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறோமே" என்பார் உளர். மீனைத் தூக்கி, முள்ளைக் கழற்றி, அளந்து, படம் பிடித்து விடுவதற்குள் காவல் இழந்த குஞ்சுகளின் கதி என்ன? அருகிலேயே உலவும் பிற மீன்களுக்கு அவை எளிய இரை. களைத்துத் திரும்பும் தாய் காக்க, அங்கே எத்தனை குஞ்சுகள் எஞ்சியிருக்கும்?

"தோமான் பிற மீன்களைத் தின்னும் கொடிய மீன், குறைந்தால் நல்லதே" என்பது இன்னொரு வாதம். தோமான் இந்நாட்டு நீருக்கே உரிய வேட்டை மீன். பிற மீன்களோடு தொன்றுதொட்டு வாழ்ந்து வருவது. வேட்டை மீன் மீது சினம் கொண்டோர், தென்னமெரிக்காவிலிருந்து கொணரப்பட்டு இங்குள்ள ஏரிகளிலும் பழைய ஈயக் குட்டைகளிலும் பெருகிவிட்ட பீக்காக் பாஸ் மீனிடம் அதைக் காட்டட்டும்.

இதனால் தூண்டிற் கலையே தீது என்று ஆகாது. உண்பதற்காக மீன் பிடிப்பதும் பழியன்று. அறுவை செய்துகொண்டவருக்குப் புண் ஆற விரால் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் மலாய்க்காரர் வீட்டிலும் உண்டு, தமிழர் வீட்டிலும் உண்டு. உண்மையான நுட்பத்திற்கும் பஞ்சமில்லை. கெலா மீனை நாடுவோன் ஆற்றங்கரை மரங்களை அறிந்திருக்க வேண்டும். நீரின்மேல் சாய்ந்த மரங்கள் பழம் உதிர்க்கும் இடத்தில் அது காத்திருக்கும். செம்பனைப் பழம் அதற்கு இரையானதும் அதனாலேயே. செபராவ், சிறு மீன்களைத் துரத்தி உண்பது. விடியலிலும் மாலையிலும், நீரோட்டம் பாறையில் மோதிச் சுழலும் இடத்தில் பளபளக்கும் தகட்டை விரைந்து இழுத்தால் பாய்ந்து தாக்கும். பாத்தின், பகாங் ஆற்றின் கலங்கிய அடிநீரில் மேய்வது. அதற்கு ஈயக் குண்டு கட்டி இரையை அடியில் தங்கவிட வேண்டும். நவம்பர் மாதத்தில் வடகிழக்குப் பருவமழை பெருகி ஆறு கலங்கி ஏறினால், கண்ணால் இரை தேடும் மீனுக்கு வீசும் தகடு பெரிதும் பயன்படாது. இவற்றைக் கற்க ஆண்டுகள் பல வேண்டும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே போலித் தவளையை இழுக்க ஒரு பகற்பொழுது போதும்.

வயிற்றுப் பிழைப்பைக் காட்டி வழிகாட்டிகளுக்காகப் பரிந்து பேசுவோரும் உண்டு. அவர்களுடைய பிழைப்பே அடுத்த தலைமுறை மீனை நம்பியிருக்கிறது என்பதை மறக்கலாமா? விதைநெல்லைக் குற்றித் தின்னும் உழவன் மறு ஆண்டு எதை விதைப்பான்?

1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. ஆயினும் சட்டம் ஒவ்வொரு படகிலும் உடன் வருவதில்லை. சபாவின் கடசான் டூசுன் மக்கள் போற்றும் 'தாகால்' முறையை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பிடிப்பதை ஊரே கூடித் தடைசெய்கிறது; வேறொரு பகுதியில் ஊரார் ஒப்பிய காலத்தில் மட்டும் பிடிக்கலாம்; மீறியவர் தண்டம் செலுத்த வேண்டும். 2003ஆம் ஆண்டில் சபா இயற்றிய உள்நாட்டு மீன்வளச் சட்டம் இம்முறைக்கு வலுவூட்டியது. கென்யிரின் பெத்தாங் ஆற்றில் கெலா காப்பகம் இருக்கிறது. மக்கள் அங்கே மீனுக்கு இரை ஊட்டி மகிழ்கின்றனர். தூண்டில் இன்றியும் மீனால் ஊருக்கு வருவாய் வரும் என்பதற்கு இது சான்று.

மீன் எங்கே கிடைக்கும் என்று காட்டுபவன் பாதி வழிகாட்டி. எப்போது தூண்டிலைச் சுருட்ட வேண்டும் என்றும் சொல்லத் துணிபவனே முழு வழிகாட்டி. நீரில் செந்நிறச் சலசலப்பு எழும்போது படகைத் திருப்பச் சொல்லும் வழிகாட்டிக்கே கூலி கொடுப்பது என்று தூண்டிற்காரர்கள் உறுதி கொள்ளட்டும். அந்த ஒரு விலகலில் ஏரியின் நாளைய மீன்கள் பிழைக்கும்.