முட்டி நிற்கும் ஒழுங்கைகள்

யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் திருநெல்வேலி தாண்டிக் கோண்டாவில் பக்கம் போனால் இருமருங்கும் புதிது புதிதாக ஒழுங்கைகள் பிரிகின்றன. ஒன்றுக்குள் சைக்கிளைத் திருப்பினேன். கொஞ்சத் தூரத்தில் சீமெந்து மதில். மதிலுக்கு அப்பால் யாரோ தேங்காய் துருவும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஆனால் அந்த வீட்டுப் படலைக்குப் போவதென்றால் திரும்பவும் பெருவீதிக்கு வந்து, அடுத்த ஒழுங்கையால்தான் இறங்க வேண்டும்.

மானிப்பாய் வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி எல்லாம் யாழ். நகரிலிருந்து விரல்களாக விரிகின்றன. விரல்களுக்கு இடையே ஊர்களைத் தொடுத்து வைத்திருந்தவை ஒழுங்கைகளும் தோட்ட வரம்புகளும்தான். பழைய ஒழுங்கைகளிலும் முட்டி நின்றவை உண்டு. ஆனால் கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். ஆச்சி அதற்குள்ளால் போய் அயலில் நெருப்பு எடுத்து வருவா. மதிலில் பொட்டு வைப்பார் இல்லை.

போர் முடிந்த பின் காணி விலை ஏறி, செம்மண் தோட்டங்கள் துண்டாகின்றன. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். அதை இரண்டிரண்டு பரப்பாகப் பிரித்து, நடுவே பாதை விட்டு விற்கிறார்கள். பாதை பின்னெல்லையோடு சரி. பக்கத்துத் தோட்டமும் நாளைக்கு அப்படியே விலைப்படும். இரண்டு பாதைகளும் முதுகோடு முதுகு முட்டும். உறுதியில் ‘வழி வாய்க்கால்’ உரித்து எழுதுவது எங்கள் வழக்கம்தான். அந்த வழி அவரவர் வளவுக்குள் போவதற்கு. ஊருக்குள் ஊடறுத்துப் போவதற்கு அல்ல.

இது எங்களுக்கு மட்டும் வந்த நோயல்ல. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-போல் என்ற ஆய்வாளர்கள் உலகெங்கும் வீதிகளை அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், 1975க்குப் பின் போடப்பட்ட வீதிகள் உலகின் பெரும்பகுதியில் மேலும் மேலும் தொடர்பறுந்து வருவதைக் காட்டினார்கள். சந்தியில் எத்தனை வழிகள் கூடுகின்றன, எத்தனை முட்டி நிற்கின்றன என்பவை அவர்களது அளவுகோல்களில் சில. ஜப்பானும் ஆர்ஜென்டினாவும் இணைப்பைப் பெரிதும் பேணி வந்திருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டலாம். வீதியின் அமைப்பை மாற்றத் தலைமுறைகள் போதாது.

ரியூசனுக்குப் போகும் பிள்ளையும் தண்ணீர் பவுசரும் பஸ்ஸும் ஒரே பெருவீதியில் நெரிபடுவது எங்கள் ஒழுங்கைகள் இப்படி முட்டி நிற்பதனால்தான். மாரி வெள்ளமும் ஓட வழியின்றி மதிலடியில் தேங்குகிறது.

2025 ஏப்ரலில், 34 வருடங்களுக்குப் பிறகு, வசாவிளானுக்கு அப்பால் இராணுவம் மூடி வைத்திருந்த பலாலி வீதி கட்டுப்பாடுகளோடு திறந்தபோது எங்களுக்கு நெஞ்சு நிறைந்தது. அதே வீதியின் இந்த முனையில் எங்கள் கையாலேயே வழிகளை அடைக்கிறோம்.

காணி பிரிக்கும் வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் பிரதேச சபைகள் ஒன்று கேட்கலாம்: பாதையின் நுனியை அடைக்காமல் பொதுவழியாக எழுதித் தரவேண்டும். அடுத்த காணி பிரியும்போது இரண்டும் பொருந்தும். கார் போக வேண்டாம், ஆறடி அகலத்தில் சைக்கிள் போனால் போதும். வழி திறந்திருந்தால் கள்ளர் வருவார்கள் என்கிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மூலைக்குத்தான் நான் பயப்படுவேன்.

உரும்பிராய்ப் பக்கம் இன்னும் வெங்காயம் விளைகிற தோட்டங்கள் இருக்கின்றன. சேவையர் அங்கே எல்லைக்கல் நடுவதற்கு முன் சபைகள் இந்த நிபந்தனையை வைக்க வேண்டும்.