'யோசிக்காதே' என்று சொல்லாதீர்கள்



மே மாதம் வந்தால் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் தொனி மாறிவிடுகிறது. பிளஸ் டூ முடிவு, நீட் தேர்வு, கல்லூரி இடம், சின்னவனுக்குப் பள்ளிக் கட்டணம், நடுவில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம் என்று எல்லாச் செலவும் எல்லாக் கவலையும் ஒரே மாதத்தில் வந்து நிற்கிற வீடுகள் நம்முடையவை. ஊறுகாய் பக்குவம் கேட்டு எழுதுகிறவர்கூட, கடைசியில் 'ராத்திரி தூக்கமே இல்லைங்க, மனசு ஓடிக்கிட்டே இருக்கு' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார். ஊறுகாய்க்கான பதில் சமையல் பகுதியில் வரும். அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

மனசு ஓடுவது எப்படி இருக்கும் என்று, ஓடாதவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பதினொன்றரைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறார் ஒரு அம்மா. காலையில் பால் இரண்டு பாக்கெட் போதுமா என்றுதான் தொடங்குகிறது. பால் என்றதும் பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கி. பாக்கி என்றதும் நகைக்கடன். இந்த மாதமும் வட்டி கட்டாவிட்டால் நோட்டீஸ் வந்துவிடும். வளையலை மீட்காமல் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு எப்படிப் போய் நிற்பது? வெறுங்கையைப் பார்த்து யாராவது கேட்டுவிட்டால்? அவர்கள் கேட்டால் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிடுமே. அவருக்குப் போன மாதம் சர்க்கரை ஏறியிருந்ததே, மறுபடி டெஸ்ட் எடுக்கவே இல்லையே. அவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்...? பால் பாக்கெட்டில் தொடங்கி இங்கே வந்து சேர இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. வீட்டில் எதுவுமே நடக்கவில்லை.

அவர் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் அன்பாகத்தான் சொல்கிறார்: "கண்டதையும் யோசிக்காம தூங்கு."

இந்த ஒரு வாக்கியத்தை நம் வீடுகளில் விட்டுவிட வேண்டும் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்தவரிடம் மட்டுமல்ல, நமக்கு நாமே சொல்லிக்கொள்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காரணம் இருக்கிறது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. மாணவர்களைத் தனியே உட்காரவைத்து, ஐந்து நிமிடம் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மேசைமேல் இருக்கும் மணியை அடிக்க வேண்டும். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. அடுத்த ஐந்து நிமிடம், 'இப்போது கரடியைத் தாராளமாக நினைக்கலாம்' என்று அனுமதி தந்தார்கள். தொடக்கத்திலேயே அனுமதி பெற்றிருந்தவர்களைவிட, முதலில் தடுக்கப்பட்டவர்களுக்குத்தான் இப்போது கரடி அதிகமாக வந்தது.

ஒன்றை நினைக்கவில்லைதானே என்று சரிபார்க்க, மனம் அதையேதான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அசதியாக இருக்கும்போது தடுக்கும் சக்தி குறைகிறது. சரிபார்ப்பது மட்டும் நிற்பதில்லை. அதனால்தான் நாள் முழுக்க உழைத்துக் களைத்துப் படுக்கிற நேரத்தில், வேண்டாத நினைவுதான் முதலில் வந்து நிற்கிறது. அந்த அம்மாவுக்கு மன உறுதி போதவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்கிளும் குழுவினரும் 2001இல் எழுதியதும் இங்கே பொருந்தும்: நாம் வேலை எதுவும் செய்யாமல் இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் ஓய்வெடுப்பதில்லை, சுறுசுறுப்பாகவே இருக்கின்றன. போனதை எடுத்துப் பார்ப்பது, வரப்போவதைக் கற்பனை செய்வது, அடுத்தவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று கணக்குப் போடுவது எல்லாம் அந்தப் பகுதிகளோடு சேர்ந்த வேலைகள். பகலில் அடுப்பும் அலுவலகமும் பேருந்தும் நம்மை இழுத்துக்கொள்கின்றன. இரவில் இழுக்க ஆளில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? தடுப்பதற்குப் பதில், அந்த நினைவுகளுக்கு ஓர் இடம் கொடுத்துப் பாருங்கள். காகிதத்தில்.

அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் எழுத வேண்டும். பாதிப் பேர் அடுத்து வரும் நாட்களில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள். மற்றவர்கள் அண்மையில் செய்து முடித்தவற்றை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். அவர்களிலும், விவரமாக எழுதியவர்களுக்கே தூக்கம் சீக்கிரம் வந்தது. கவலையை எழுதினால் கவலை கூடும் என்றுதான் நமக்குத் தோன்றும். நடந்தது வேறு.

விவரமாக என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், விஷயம் அதில்தான் இருக்கிறது. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நகைக்கடன்' என்று மட்டும் எழுதினால், அது இன்னொரு பயமாகத்தான் அங்கே கிடக்கும். 'செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு பேங்க். வட்டி மட்டும் கட்டி மறுபடி வைக்க முடியுமா என்று கேட்கணும். ரசீது பீரோ மேல்தட்டில், பச்சைக் கவரில்' என்று எழுதிப் பாருங்கள். 'சர்க்கரை டெஸ்ட்' என்பதற்குப் பதில், 'வெள்ளி காலை வெறும் வயிற்றில், ஏழு மணிக்கு லேப். ராத்திரியே அவரிடம் சொல்லிடணும்.' கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த அடி எது, எந்தக் கிழமை என்று தெரிந்துவிட்டால் மனசு அதைத் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 'கல்யாண வீட்டில் யார் என்ன கேட்பார்கள்' என்பதற்கு எதிரே எழுத ஒன்றும் கிடைக்காது. அதையும் எழுதுங்கள், எதிரே காலியாக விடுங்கள். நாம் ஏதாவது செய்யக்கூடிய கவலை எது, செய்ய ஒன்றுமே இல்லாத கவலை எது என்று கண்ணுக்கு முன்னால் பிரிந்து தெரிவதே பெரிய ஆறுதல்.

செல்போனில் எழுத வேண்டாம். எழுதி முடித்த விரல் வாட்ஸப்புக்குத்தான் போகும், அங்கே இன்னொரு கவலை காத்திருக்கும்.

நினைவுகளுக்கு இடம் கொடுத்ததுபோல் நேரமும் கொடுக்கலாம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கோவெக் 1983இல் சகாக்களோடு வெளியிட்ட முறை இது: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால், 'சாயங்காலம் ஆறரைக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைப்பது. கேட்கும்போது விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் 'யோசிக்காதே' என்பதற்கும் 'அப்புறம் யோசி' என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதை மனசு ஏற்றுக்கொள்கிறது. கணவனும் மனைவியும் மொட்டைமாடியில் கணக்கு நோட்டோடு உட்கார அந்த அரை மணியைப் பயன்படுத்தலாம். படுக்கையில் மட்டும் வேண்டாம், படுக்கப்போகும் நேரத்திலும் வேண்டாம்.

இதெல்லாம் மனசின் வழி. உடம்பின் வழியாகவும் போகலாம், அவசரத்துக்கு அதுவே சீக்கிரம் உதவுகிறது.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இடது மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் இரண்டு விரல்களை வையுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும். மெதுவாக வெளியே விடும்போது கொஞ்சம் தாமதிக்கும். வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குச் சொல்லும் செய்தி அது. நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டால், ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நெஞ்சை விம்மி இழுக்க வேண்டாம், தலை சுற்றும். வயிற்றின்மேல் ஒரு கை இருக்கட்டும், அது மெல்ல ஏறி இறங்கினால் போதும்.

நிமிடத்துக்கு ஆறு என்ற அந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழக மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் சகாக்களும் 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள். பிறகு 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரம் சொல்லவைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு இறங்கியது, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதே தாளத்துக்கு வந்தது. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. வேளாங்கண்ணியில் ஜெபமாலை உருட்டுகிற பாட்டியையும், நாகூரில் தஸ்பீஹ் மணியை விரலால் நகர்த்துகிற பெரியவரையும், விளக்கு முன்னால் உட்கார்ந்து நாமம் சொல்கிற அத்தையையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும். அவர்கள் கேட்பது கடவுளிடம், அதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அந்த நேரத்தில் அவர்கள் உடம்புக்கும் ஒரு நிதானம் கிடைக்கிறது என்பது மட்டும் உறுதி. நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் வழியை விடாதீர்கள். இல்லாதவர்களுக்கு எண்கள் போதும்.

கையும் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலைகளும் நல்ல துணை. சிக்குக்கோலம் போடுகிறவர்களுக்கு இது தெரியும். ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்த இழை அடுத்த புள்ளிக்குப் போகும் இடத்தில் கவனம் சிதறினால் கோலம் முடிகிற இடத்துக்கு வராது. நகைக்கடனையும் நினைத்துக்கொண்டு அதைப் போட முடியாது. முருங்கைக்கீரை உருவுவது, பூ கட்டுவது, வண்டியைத் துடைப்பது என எதுவாகவும் இருக்கலாம், ஆண்களுக்கும்தான்.

படுத்துக் கொஞ்ச நேரம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள் என்பது தூக்க மருத்துவத்தில் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்ன வழி. இன்றும் மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். படுக்கை தவிக்கிற இடமாகப் பழகிவிடக் கூடாது. ஆனால் ஒரே அறையில் நான்கு பேர் படுக்கிற வீட்டில், எழுந்து விளக்கைப் போட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். சுவரோரம் சாய்ந்து உட்காருங்கள். திண்ணையோ வாசற்படியோ இருந்தால் அங்கே கொஞ்ச நேரம். மணி பார்க்க வேண்டாம். மாலை ஆறு மணிக் காபியை மூன்று மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குடித்த காபியின் காஃபீனில் ஏறத்தாழ பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குத் தோன்றும் முடிவு எதையும் அப்போதே எடுக்க வேண்டாம். வேலையை விடுவதோ, உறவை முறிப்பதோ, யாருக்கோ நீளமாகச் செய்தி அனுப்புவதோ, எதுவானாலும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம்.

மூச்சை நிதானப்படுத்தினால் கடன் அடைந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பணக் கஷ்டம் நிஜம், வேலை போய்விடுமோ என்ற பயம் நிஜம். தூங்கி எழுந்தவருக்கு பேங்க் அதிகாரியின் எதிரே உட்கார்ந்து பேசத் தெம்பு இருக்கும். அதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை. "என்ன ஓடுது, சொல்லு" என்று கேளுங்கள். கேட்டவுடனே தீர்வு சொல்லத் தொடங்காதீர்கள். "இதுக்குப்போயா" என்று சொல்லவே சொல்லாதீர்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளையிடம் "நீ ஏன் பயப்படுற, நல்ல மார்க்தான் வரும்" என்பதும் ஆறுதல் இல்லை. வராவிட்டால் என்ன ஆகும் என்பதுதானே அதன் பயமே. "மார்க் குறைஞ்சா என்ன பண்ணலாம்னு சேர்ந்தே பார்ப்போம்" என்று சொல்லி, இரண்டாவது, மூன்றாவது வழிகளை முடிவு வருவதற்கு முன்பே அதோடு உட்கார்ந்து எழுதிவையுங்கள்.

வீட்டு வைத்தியத்தோடு நிற்கக் கூடாத நேரங்களும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலை ஓடவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், அதை ஒரு ரத்தப் பரிசோதனை காட்டிவிடும். தூக்கமே இல்லாமல் களைப்பும் இல்லாமல், பேச்சு வேகமெடுத்து, பணத்தை அள்ளி இறைக்கும் அளவுக்கு ஒருவருக்கு எண்ணங்கள் பறந்தால், அது கவலை இல்லை. வேறு வகை நோய், அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன, தாமதிக்கக் கூடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் அன்றே யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். தேர்வு முடிவு நேரத்தில் மாணவர்களும் அழைக்கலாம். தவிக்கிறவர்தான் பேச வேண்டும் என்றில்லை, அவருக்காக நீங்களும் அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம். இரண்டு எண்களையும் பால் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளைகள் கண்ணிலும் படும்படி எழுதிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்