மணி சொல்லும் செய்தி

மணியின் நா ஓசை எழுப்பும். அதன் மேனியிலுள்ள எழுத்தோ வரலாறு உரைக்கும். அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் இல்லையெனின், மணி பாதி ஊமையே ஆகும்.

1836ஆம் ஆண்டளவில் நியூசிலாந்தின் வடபகுதியில், மாவோரி மகளிர் ஒரு வெண்கலக் கலத்தில் கிழங்கு வேகவைப்பதை வில்லியம் கொலென்சோ என்னும் சமயத் தொண்டர் கண்டார். அது சமையற்கலம் அன்று. கவிழ்த்து வைக்கப்பட்ட மணி. புயலில் சாய்ந்த மரமொன்றின் வேரடியில் கிடைத்ததாக அம்மக்கள் கூறினர். அதைச் சுற்றிப் பொறித்திருந்தவை தமிழ் எழுத்துகள். முகையதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி என்பதே அவற்றின் பொருள். இன்று அம்மணி வெலிங்டன் நகரிலுள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. எழுத்து மட்டும் இல்லாதிருப்பின், அது யாருடையது என்பதை எவர் அறிந்திருப்பர்?

ஆயினும் அதை வார்த்த கன்னாரின் பெயர் அதில் இல்லை. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் பேராலயத்தில் 1497ஆம் ஆண்டு வார்க்கப்பட்ட ‘குளோரியோசா’ என்னும் மணியோ, தன்னைச் செய்த கெர்ஹார்ட் வான் வோவின் பெயரையும், அவரது ஊரையும், ஆண்டையும் தானே கூறுகிறது. பதினொரு டன்னுக்கு மேற்பட்ட எடையுடைய அம்மணி, ஐந்து நூற்றாண்டு கடந்தும் தன் கலைஞரை மறக்கவில்லை. எழுதப்பட்ட பெயர் வாழ்கிறது; எழுதப்படாத பெயர் மறைகிறது.

செம்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கி மணி வார்ப்பது அரிய கலை. மெழுகால் உருச்செய்து, மண்பூசிச் சுட்டு, உருகியோடிய மெழுகின் இடத்தில் உலோகத்தை ஊற்றுவது பழைய முறைகளுள் ஒன்று. எழுத்தையும் மெழுகிலேயே அமைத்துவிட வேண்டும். பின்னர்த் திருத்த இயலாது.

1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்திற்கு எல்லை வகுக்கப்பட்டது; எழுத்திற்கு எல்லை ஏது? பாறசாலைப் பகுதியில் விருப்பமொழியாகத் தமிழ் பயிலும் மாணவரைப் பார்த்து, “மதிப்பெண்ணுக்கன்றி இது எதற்கு உதவும்?” என வினவுவோர் உளர். கடல் கடந்த மணியே அவர்க்கு விடை.

இவ்வட்டாரக் கோயில்களிலும் தேவாலயங்களிலும் தொங்கும் பழைய மணிகளில் ஊர்ப்பெயரோ, கொடையாளர் பெயரோ, ஆண்டோ பொறிக்கப்பட்டிருத்தல் கூடும். புளியிட்டுத் துலக்குந்தோறும் எழுத்துத் தேயும். மணி கீறல் விட்டால் உருக்குலைக்கு அனுப்பப்படும். அதற்குமுன் அவ்வெழுத்தைப் படித்து, ஒரு குறிப்பேட்டில் படியெடுத்து வைத்தல் மாணவரால் இயலும் பணி. தமிழும் மலையாளமும் அறிந்த எல்லைப்புறப் பிள்ளைகளைவிட இதற்குத் தகுதியுடையார் வேறு யார்?